ஆறு சிப்பும் ஒரு ஐஸ் இயந்திரமும்

இலத்திரனியல் உதிரிப்பாக வியாபாரத்தில் சரக்குக் கெட்டுப்போனால் மணக்காது. மீன் கெட்டால் தெரு முழுக்கத் தெரியும். பால் கெட்டால் திரையும். சிப் கெட்டால், வாங்கிய அன்று இருந்த அதே கறுப்பில், அதே கால்களோடு, ஒன்றுமே நடக்காததுபோல் பெட்டிக்குள் கிடக்கும். அது கெட்ட செய்தி நமக்கு எட்டுவது, வாடிக்கையாளர் முன்னால் வந்து நிற்கும்போதுதான்.

விதை, மருந்து, பழைய போன் பற்றரி என்று எதையாவது அலுமாரிக்குள் பத்திரமாக வைத்து ஏமாந்தவர்கள் எல்லாரும் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக்காரர். அரியாலையில், எங்கள் வீட்டின் முன் அறையில், பதினெட்டு வருடங்களாக இந்தக் கடையை நடத்துகிறேன். கடல்நீரேரிக் காற்று யன்னலால் தாராளமாக வரும். மனிதருக்கு அது சுகம். சிப்புக்கு அது உப்பும் ஈரமும். ஆயிரக்கணக்கான சிப்புகள் என் கையால் போயிருக்கின்றன. அவற்றில் ஆறைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பூச்சி

மயிலிட்டிப் பக்கத்தில் பன்னிரண்டு படகுக்காரர் சேர்ந்து ஒரு ஐஸ் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். துகள் துகளாக ஐஸ் கொட்டும் வகை. ஐஸ் இருந்தால் பிடித்த மீனை ஒரு நாள் வைத்து, விலை பார்த்து விற்கலாம். ஐஸ் இல்லாவிட்டால், விடியக் கரையில் லொறியோடு நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. புது இயந்திரம் வாங்கும் வசதி பன்னிரண்டு பேருக்கும் சேர்ந்தும் இல்லை. இயந்திரத்துக்குப் பொறுப்பு அருளப்பு அண்ணை. அறுபது தாண்டியவர். முழங்கால் நோவால் கடலுக்குப் போவதை விட்டவர், கோபத்தை மட்டும் விடாதவர்.

ஒரு மாரியில் இடி விழுந்து இயந்திரம் நின்றது. அதன் கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றி, தான் இடுப்பில் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே குளிர் எவ்வளவு என்று அளந்து சொல்லும் சிப் செத்திருந்தது. அந்த வகைச் சிப் செய்வதைக் கம்பனி நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பில் ஒரு பழைய வியாபாரியிடம் ஆறு மட்டும் மிச்சம் கிடந்தன. ஆறையும் எடுப்பித்தேன். என்னிடம் வேலை செய்யும் வாசுகி ஒன்றைப் பலகையில் ஒட்டினாள். வாசுகி கரவெட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள். கடையின் கையும் மூளையும் அவள். பெயர்ப்பலகை மட்டும் என்னுடையது.

இயந்திரம் ஓடியது. மிச்சம் ஐந்தையும் ஈரம் புகாத வெள்ளிப் பையில், ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தோடு வைத்துச் சூடு காட்டி ஒட்டினோம். பைக்குள் ஒரு சிறிய அட்டையும் இருக்கும். அதன் புள்ளிகள் நீலமாக இருந்தால் உள்ளே உலர்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பானால் ஈரம் புகுந்துவிட்டது. இதையெல்லாம் விளக்கி, செத்த சிப்பை அருளப்பு அண்ணையின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பன்ரண்டு படகையும் ஆட்டி வைக்கிறது உந்தப் பூச்சிதான் எண்டு முதலே சொல்லியிருந்தால், மாதாவுக்குக் கொளுத்தின மெழுகுதிரியிலை ஒண்டை இதுக்கும் கொளுத்தியிருப்பன்!"

அரிசிப் பேணி

ஐந்தும் என்னிடம் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "உன்ரை வீட்டிலை கள்ளன் புகுந்தால் நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்று கேட்டு, இரண்டைத் தன்னோடு கொண்டுபோனார். தனிப் பையில் போட்டு ஒட்டி, "எக்காரணம் கொண்டும் பையைத் திறக்காதேங்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் அவர் செய்த முதல் வேலை, உள்ளே இரண்டும் இருக்கின்றனவா என்று பையைத் திறந்து பார்த்தது.

திறந்த பிறகு அவருக்குப் பயம் பிடித்தது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. போன் கடலில் விழுந்தால் எடுத்து அரிசிக்குள் புதைத்து வைப்பார்கள். சில போன்கள் பிழைக்கும், பல பிழைக்காது, பிழைத்தவற்றைப் பற்றி மட்டும்தான் கதைப்பார்கள். அருளப்பு அண்ணையும் இரண்டு சிப்புகளையும் வீட்டில் அரிசி போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் புதைத்தார். அரிசிக்கும் ஈரம் உண்டு, தவிடும் உண்டு. கடலிலிருந்து கல்லெறியும் தூரத்து வீடு, மூடி இறுகாத பேணி. எட்டு மாதம் கழித்து ஒன்றை மட்டும் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தார். கால்கள் கபில நிறமாகியிருந்தன. வாசுகி ஈயம் பிடிக்க வைத்துப் பார்த்தாள், ஈயம் ஒட்டாமல் உருண்டு போனது. மற்றது எங்கே என்று கேட்டேன்.

"அதை மனிசி அரிசி அரிக்கேக்கை கல்லெண்டு எறிஞ்சு போட்டாள்," என்றார். பிறகு, நான் முழுக்க மனம் உடைந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நல்ல செய்தியும் சொன்னார்: "ஆனால் தம்பி, அரிசி மட்டும் ஒரு புழு இல்லாமல் அந்த மாதிரி நல்லா இருக்கு."

கட்டிவைத்த பிள்ளை

நல்லதாக மூன்று சிப்புகள் மிஞ்சின. அவற்றைப் புதுப் பைக்கு மாற்றும் நாளில் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் றேடியோ திருத்தக் கொண்டுவந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலம் படிப்பித்தவர். இன்னும் என்னை ஆறாம் வகுப்பில்தான் வைத்திருக்கிறார். வாசுகி வழக்கம்போல மணிக்கட்டில் பட்டி கட்டியிருந்தாள். பட்டியிலிருந்து ஒரு வயர் மேசைக்கும், மேசையிலிருந்து இன்னொரு வயர் நிலத்தில் அடித்த செப்புக் கம்பிக்கும் போகும். நைலோன் சட்டையோடு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து எழும்பினாலே உடம்பில் மின்சாரம் சேரும். நமக்கு அது தெரியாது. சிப்புக்கு அதுவே இடி. பட்டி கட்டினால் அது சத்தமில்லாமல் நிலத்துக்கு இறங்கிவிடும்.

ரீச்சர் இதை அறியார். வாசுகியின் கையைப் பார்த்தார், வயர் போகும் வழியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, உன்ரை தேப்பன் மரியாதையான மனுசன். வேலை செய்யிற பிள்ளையைக் கயித்திலை கட்டி வைக்கிற பழக்கம் உன்ரை குடும்பத்திலை எப்ப துவங்கினது?"

"ரீச்சர், இது எனக்கு நோகாது," என்றாள் வாசுகி. "சிப்புக்கு நோகக் கூடாது எண்டுதான் கட்டியிருக்கிறன்."

நான் அரைமணி நேரம் விளக்கினேன். ரீச்சர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அவர் நம்பிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு நான் றேடியோவைக் கையில் எடுத்தபோது, வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "ஒரு கையை மட்டும் அவிட்டு விட்டிருக்கிறது, சம்பளம் வாங்கிறதுக்கோ?"

சந்தனம்

இது என் பிழை. மற்றவர்கள் பிழைகளை இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு என்னுடையதைச் சுருக்கினால் நியாயமில்லை.

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். ஆனாலும் வாசுகி வந்த வருடத்திலிருந்து கடையில் வாணி விழா நடக்கிறது. சரஸ்வதி படம் அவளுடையது, கடலையும் அவலும் என் மனைவி சுகிர்தாவுடையது. போன முறை வாசுகி காலையிலேயே மேசையைத் துடைத்து, வருடத்துக்கொரு தடவை பார்க்கிறபடி வெள்ளிப் பையைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். புள்ளிகள் நல்ல நீலம். மூன்று சிப்புகளையும் கறுப்பு ஸ்பொஞ்சில் எடுத்து வைத்துவிட்டு, பூ வாங்கச் சந்திக்குப் போனாள். அவள் வருவதற்குள் ஏதாவது உதவி செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. சந்தனம் குழைத்து வைத்திருந்தாள். ஸ்குறூட்றைவர்களுக்கு வைத்தேன். மீற்றருக்கு வைத்தேன். ஈயப்பற்றுக் கோலுக்கு வைத்தேன். ஒவ்வொரு பொட்டுக்கும் நடுவில் குங்குமமும் வைத்தேன். கை நன்றாகப் பழகிவிட்டது. அதே வேகத்தில் முதல் சிப்புக்கும் வைத்தேன். இரண்டாவதற்கு விரல் போகும்போது வாசலில் வாசுகியின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லி அவள் கத்தியது அன்று ஒருநாள்தான்.

ஸ்பிரிட்டில் கழுவினாள். பூதக்கண்ணாடியின் கீழ், கால்களுக்கும் உடம்புக்கும் இடையில் மெல்லிய மஞ்சள் கோடு நின்றது. மறுபடியும் கழுவினாள். சோதித்தால் வேலை செய்தது. நாளைக்கும் செய்யுமா, உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எங்கள் தொழிலில் கெட்ட சிப் பரவாயில்லை, எறிந்துவிடலாம். சந்தேகச் சிப்தான் ஆபத்து. அதைத் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, மூடியில் "நம்பாதே" என்று எழுதினாள். நான் பரிகாரமாக மிச்சம் இரண்டையும் பையில் போட்டு நானே ஒட்டினேன். மாலையில் பூசை முடிந்து கடலை தரும்போதுதான் அவள் வாய் திறந்தாள்: "சைவக்காரி நானே சிப்புக்குச் சந்தனம் வைக்கிறேல்லை, வேதக்காரர் உங்களுக்கு ஏன் அண்ணை இவ்வளவு பக்தி?"

டிக்

அந்த மாரியில் மயிலிட்டியில் மறுபடியும் இடி விழுந்தது. அருளப்பு அண்ணை காலை எட்டு மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார், பலகை அதே சாரத்தில். பன்னிரண்டு படகும் கடலில். மறுநாள் விடியக் கரைக்கு வரும். அதற்குள் ஐஸ் வேண்டும்.

வெள்ளிப் பையைத் திறந்தால், அட்டையின் புள்ளிகள் எல்லாம் இளஞ்சிவப்பு. நான் ஒட்டிய பை. ஒரு மூலையில் மடிப்பு விழுந்து, மயிர் அளவு வழி விட்டிருந்தது. இரண்டு சிப்புகளும் மாதக்கணக்காக அரியாலைக் காற்றைக் குடித்திருந்தன. இந்த வகைச் சிப்பின் வயிற்றுக்குக் கீழும் ஒரு தகடு உண்டு. அதையும் பலகையில் ஒட்டுவதற்குச் சூடான காற்று ஊத வேண்டும். ஈரம் குடித்த சிப்பில் சூடு பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உடம்பை வெடிக்க வைக்கும். முதலில் நூற்றிருபத்தைந்து பாகையில் ஒரு நாள் முழுக்கச் சுட்டு உலர்த்த வேண்டும்.

"ஒரு நாளோ?" என்றார் அருளப்பு அண்ணை. "நாளைக்கு விடிய வியாபாரி லொறியோடை நிப்பான். ஐஸ் இல்லையெண்டு மணந்து பிடிச்சிடுவான். விலையை அறுத்துப் போடுவான் தம்பி!"

"சுடாமல் ஒட்டக் கூடாது அண்ணை," என்றாள் வாசுகி என்னிடம்.

ஒரு பக்கம் தொழில் விதி, மறுபக்கம் பன்னிரண்டு வீட்டின் மீன். பதினெட்டு வருட அனுபவம் இருக்கிறது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. மெதுவாகச் சூடு ஏற்றினால் தாங்கும் என்றும் அதே குரல் சொன்னது. வாசுகி கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றாள். ஒன்றை நானே பலகையில் வைத்துச் சூடான காற்றைப் பிடித்தேன். ஈயம் உருகிப் பளபளக்கத் தொடங்கிய நேரம், "டிக்" என்று ஒரு சத்தம், நகம் வெட்டியதுபோல. சிப்பின் முதுகில் குறுக்கே ஒரு கோடு. மூவரும் அதைக் குனிந்து பார்த்தோம். முதலில் நிமிர்ந்தவர் அருளப்பு அண்ணை: "சரி, இனி அந்தப் பிள்ளை சொல்லுறதைக் கேப்பம், நீயும் நானும் சும்மா இருப்பம்."

நூற்றிருபத்தைந்து பாகை

"நம்பாதே" பெட்டியில் கிடந்ததை விட்டால், மிஞ்சியது ஒன்று. கடையில் இருந்த சிறிய சூடாக்கி பழுதாகிக் கிடந்தது. எல்லாரிடமும் உள்ளதைத் திருத்திக் கொடுக்கிறவன் தன்னுடையதைத் திருத்துவதில்லை, இதுவும் நம் எல்லாருக்கும் பொதுவான நோய்தான். வீட்டில் இருந்தது சுகிர்தாவின் கேக் அவண். நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் மூன்று கிழமை. கேக்குக்கு முந்திரியும் உலர்பழமும் வெட்டி ஊறப்போட்டிருந்தாள். சிப் சுட்ட அவணில் பிறகு சாப்பாடு சுடக் கூடாது என்று வாசுகி சொன்னபோது, நான் சுவரைப் பார்த்தேன். சுகிர்தா அருளப்பு அண்ணையைப் பார்த்தாள். அவர் தன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், தேவாலயத்தில் நிற்பதுபோல. அவள் அவணுக்குள் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

அவணின் குமிழில் உள்ள எண்களை வாசுகி நம்பவில்லை. தன் வெப்பமானியின் வயரை உள்ளே விட்டு, குமிழை மயிரளவு மயிரளவாகத் திருப்பினாள். நானும் அவளும் முறை மாறிக் கதிரையில் இருந்தோம். இரண்டு தடவை மின்சாரம் போய் வந்தது. போன நிமிடங்களைக் கொப்பியில் எழுதி, முடிவு நேரத்தோடு கூட்டினாள். இரவு என் முறை, காலை அவள் முறை. விடிந்ததும் மயிலிட்டியிலிருந்து போன் வந்தது. லொறிக்காரன் அரை விலைக்குத்தான் எடுத்தான். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய அருளப்பு அண்ணை முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அன்று மாலை மறுபடியும் படகுகள் போகும். மறுநாளும் ஐஸ் இல்லாவிட்டால் மறுபடியும் அதே விலை.

சுகிர்தா தேத்தண்ணியோடு வந்து, எரிந்துகொண்டிருந்த அவண் விளக்கையும் எங்கள் இரண்டு கதிரைகளையும் பார்த்தாள். சொன்னாள்: "இஞ்சருங்கோ, இருபத்தைஞ்சு வருசமா என்ரை கேக் கருகேக்கை ஒருநாளாவது எட்டிப் பாத்தியளோ? இண்டைக்கு ஒரு வண்டுக்கு ரெண்டு பேர் காவல்!"

கொட்டியது

பதினொரு மணிக்குச் சிப்பை எடுத்தோம். வாசுகி ஒட்டினாள், நான் தொடவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை. முதுகில் கோடு இல்லை. பலகையை மூவரும் ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மயிலிட்டிக்குப் போனோம். வழியெல்லாம் பள்ளம் வரும்போது அருளப்பு அண்ணை ஓட்டோக்காரரின் தோளில் தட்டிக்கொண்டே வந்தார்.

பலகையை மாட்டி மின் ஆளியைப் போட்டோம். குளிரைக் கொண்டுவரும் அமுக்கி ஒருமுறை முனகியது, பிறகு சீராக ஓடியது. இருபது நிமிடம். படகுக்காரர் ஏழெட்டுப் பேர் வாசலில் கூடி நின்றார்கள். பிறகு குழாய் வாயிலிருந்து முதல் ஐஸ் கைப்பிடியளவு விழுந்தது. அதன் பின்னால் சரசரவென்று கொட்டத் தொடங்கியது. அருளப்பு அண்ணை ஒரு பிடி அள்ளித் தன் முழங்காலில் வைத்துத் தேய்த்தார். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அன்று மாலை படகுகள் ஐஸோடு போயின. மறுநாள் லொறிக்காரன் கேட்ட விலைக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. மத்தியானம் அவனே விலையை ஏற்றினான்.

ஆனால் அதற்கு முன், ஐஸ் கொட்டிக்கொண்டிருக்கும்போதே அருளப்பு அண்ணை என்னிடம் கேட்டார்: "இன்னும் எத்தினை கிடக்கு?"

"நம்பக்கூடியது ஒண்டும் இல்லை," என்றேன். சிரிப்பு நின்றது. அடுத்த இடிக்கு என்ன செய்வது என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. அப்போது வாசுகி தன் கைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து இயந்திரத்தின் மேல் விரித்தாள். பழைய சிப் இருந்த இடத்தில் ஒரு சின்ன இடைப்பலகை. அதன்மேல், எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண சிப். இடி வந்தால் முதலில் தாங்குவதற்கு ஒரு காப்பு. எல்லாம் கணக்கிட்டு வரைந்திருந்தாள். இது எப்போது வரைந்தது என்று கேட்டேன். "மூண்டு வருசத்துக்கு முந்தி அண்ணை. நான் வாய் திறக்கிற நேரமெல்லாம் நீங்கள் வெள்ளிப் பையைக் காட்டி, 'கிடக்குத்தானே, பத்திரமாக் கிடக்குத்தானே' எண்டியள்."

இரண்டு கிழமையில் அதைச் செய்து மாட்டினாள். பிறகு இரண்டு இடி விழுந்தது, இயந்திரம் நிற்கவில்லை. புதுச் சிப்பில் நாலைந்தை வாங்கி வைப்போமா என்று நான் அருளப்பு அண்ணையிடம் கேட்டேன். பழக்கம் விடுமா? அவர் இரண்டு கையையும் உயர்த்தி மறித்தார்: "வேண்டாம் தம்பி, உதை நீயும் வைச்சிருக்க வேண்டாம், நானும் வைச்சிருக்க வேண்டாம், கொழும்பிலையே கிடக்கட்டும், தேவையெண்டால் பஸ்ஸிலை வரும்!"

உப்புக்கும் ஈரத்துக்கும் இடிக்கும் இந்தத் தொழிலில் ஒவ்வொரு காப்பு உண்டு. பத்திரப்படுத்துகிறவனிடமிருந்து சிப்பைக் காக்கும் பைதான் இன்னும் சந்தைக்கு வரவில்லை.